மாத்திரை இல்லாத வைத்தியத்துக்கும் அளவு உண்டு

கேள்வி இதுதான். கோட்டையூரில் தனியாக இருக்கும் ஆத்தாவுக்கு வயது 67. பி.பி.க்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று, தலைசுற்றலுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று தினமும் ஒரு கை மாத்திரை. சர்க்கரை வேறு 'பார்டரில்' இருக்கிறதாம். "இதில் எதையாவது மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடியுமா? வாட்ஸ்அப்பில் வருகிற வைத்தியத்தில் எதை நம்புவது?" என்று சென்னையில் இருக்கும் மகள் கேட்டிருக்கிறார். காரைக்குடிப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முடியும். நீங்கள் பட்டியல் போட்ட தொந்தரவுகள் எல்லாவற்றுக்குமே மருந்தில்லாத, ஆராய்ச்சியில் தேறிய சிகிச்சை இருக்கிறது. சிலவற்றில் அதுதான் முதல் சிகிச்சை, மாத்திரை இரண்டாவது. ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஷாயமும் லேகியமும் இந்தக் கணக்கில் வராது. வயிற்றுக்குள் போய் உடம்பில் வேலை செய்கிற எதுவும் மருந்துதான், இலையிலிருந்து வந்தாலும் சரி, ஆலையிலிருந்து வந்தாலும் சரி. நான் சொல்லப்போவது உடற்பயிற்சி, உடம்பை வைக்கும் நிலை, சாப்பாடு, தூக்கப் பழக்கம் இவற்றைப் பற்றி.

இந்த வைத்தியங்கள் பெயர் கெட்டுப்போனதற்குக் காரணம் நாங்கள்தான், அதாவது மருத்துவர்கள். மாத்திரை எழுதும்போது எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று எழுதுகிறோம். மற்றதற்கு, "நடங்க, உப்பைக் குறைங்க, எடையைக் குறைங்க" என்று சீட்டை நீட்டும்போது வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அளவு இல்லாமல், செய்முறை காட்டாமல் சொன்னால் அது புத்திமதி, சிகிச்சை ஆகாது. ஆஸ்திரேலியாவில் பொது மருத்துவர்களின் அமைப்பு 2013-லிருந்து மருந்தில்லா சிகிச்சைகளுக்கென்றே ஒரு கையேடு நடத்துகிறது. மருந்துக்கு எழுதுவதைப் போலவே யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, என்ன பக்கவிளைவு, எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் அதில் போட்டிருக்கும். உங்கள் ஆத்தாவுக்கும் அப்படித்தான் எழுத வேண்டும்.

தலைசுற்றலிலிருந்து ஆரம்பிக்கிறேன், சீக்கிரம் பலன் தெரிகிற இடம் அது. நம் பக்கம் தலைசுற்றல் என்றாலே "பித்தம்" என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுப்பார்கள், அல்லது மெடிக்கலில் ஒரு அட்டை மாத்திரை வாங்கி வருவார்கள். ஆத்தாவிடம் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். படுக்கையில் புரளும்போது, மேல் பரணைப் பார்க்கத் தலையைத் தூக்கும்போது, எழுந்திருக்கும்போது வீடே சுற்றுகிறதா? அந்தச் சுற்றல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் பெரும்பாலும் அது உள்காதுக் கோளாறு. உள்காதில் ஒரு பையில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் துணுக்குகள் கழன்று, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. தலையை அசைத்ததும் அவை குழாய்க்குள் உருள்கின்றன, உடம்பு சுற்றுவதாக மூளைக்குத் தப்பான தகவல் போகிறது. குழாய்க்குள் கிடக்கும் துணுக்கை எந்த மாத்திரையும் வெளியே தள்ளாது. அந்த மாத்திரைகளில் சின்னாரிசைன் போன்றவற்றை வயதானவர்கள் மாதக் கணக்கில் சாப்பிட்டால் கை நடுக்கமும் நடை தளர்வும் வேறு வந்து சேரலாம்.

அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த ஜான் எப்லி என்ற காது மருத்துவர், தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பியே அந்தத் துணுக்குகளை வெளியேற்றலாம் என்று 1980-ல் சொன்னார். சக மருத்துவர்கள் எளிதில் நம்பவில்லை. விரிவான கட்டுரை 1992-ல்தான் வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க இதுதான் முதல் சிகிச்சை. வலது காதில் கோளாறு என்று வைத்துக்கொண்டால் செய்முறை இப்படி:

கட்டிலில் காலை நீட்டி உட்கார வேண்டும். பின்னால் ஒரு தலையணை, படுத்தால் அது தோளுக்கு அடியில் வர வேண்டும். தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, திருப்பியபடியே சட்டென்று மல்லாக்கப் படுக்க வேண்டும். தலை தலையணையைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். இப்போது நன்றாகச் சுற்றும், கருவிழி துடிப்பதுபோல் ஆடும். பயப்படாமல் கண்ணைத் திறந்தே வைத்திருக்கட்டும். சுற்றல் நின்ற பிறகும் சேர்த்து அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். அப்புறம் தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி இன்னொரு நிமிடம். அடுத்து உடம்போடு சேர்ந்து இடது தோள்மேல் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்கிற மாதிரி ஒரு நிமிடம். பிறகு அந்தப் பக்கமாகவே காலைத் தொங்கப்போட்டு மெதுவாக எழுந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. பலருக்கு ஒரே முறையில் நின்றுவிடும். சிலருக்குச் சில நாள் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். குணமான பிறகும் வருடம் கழித்து மறுபடி வரலாம், வந்தால் மறுபடி இதேதான்.

முதல் தடவை கண்டிப்பாகத் தெரிந்த மருத்துவர் கையால் நடக்கட்டும். எந்தக் காது என்பதை அவர் தலையைச் சாய்த்து, கருவிழி ஆடும் திசையைப் பார்த்துச் சொல்வார். காதை மாற்றிச் செய்தால் பலனில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் மோசமாக இருப்பவர்களுக்கும், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பவர்களுக்கும் இது கூடாது. தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், எல்லாம் இரண்டாகத் தெரிவது, ஒரு பக்கம் கை கால் பலமில்லாமல் போவது, நிற்கவே முடியாமல் தள்ளாடுவது, இதுவரை வராத கடும் தலைவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது எப்லியும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

அடுத்தது மூட்டு. "தேய்ஞ்சு போச்சு, இனிமே அதிகம் நடக்காதீங்க ஆச்சி" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். முழங்கால் தேய்மானத்துக்கு அதைவிடக் கெட்ட அறிவுரை கிடையாது. நடக்காமல் இருந்தால் தொடைத் தசை வற்றும். தசை வற்றினால் மூட்டின்மேல் விழும் பாரம் கூடும், வலி கூடும், இன்னும் நடக்க மாட்டார்கள். இந்தச் சுழலை வெட்டுவது தொடையின் முன்பக்கத் தசையைப் பலப்படுத்துவதுதான். எக்ஸ்ரேயில் எலும்பு அப்படியேதான் இருக்கும். வலி குறையும், நடை கூடும்.

அதற்கு ஜிம் தேவையில்லை. வீட்டில் இருக்கிற கனமான மர நாற்காலி ஒன்றை வளவுத் தூணில், அதாவது உள்முற்றத்துத் தூணில், முட்டக்கொடுத்துப் போடச் சொல்லுங்கள், நகராது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்கார வேண்டும். பொத்தென்று விழக் கூடாது, தசைக்கு வேலை அந்த இறக்கத்தில்தான். எட்டிலிருந்து பத்து தடவை, இரண்டு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். கை ஊன்றாமல் முடியாவிட்டால் முதலில் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கலாம். சுலபமாகிவிட்டால் ஒரு தலையணையை எடுத்துவிட வேண்டும். மாத்திரையில் டோஸ் கூட்டுகிற மாதிரிதான் இதுவும், கூட்டாவிட்டால் ஒரு கட்டத்தில் பலன் நின்றுவிடும். செய்யும்போது வலி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. வராவிட்டால் அடுத்த முறை ஒரு சுற்றைக் குறைக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு முன்னால் "ஒண்ணும் கேக்கலையே" என்று விடக் கூடாது. மூட்டு சிவந்து சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும்.

கைத்தடி பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். இதைத் தப்பாகப் பிடிக்காதவர்களை நம்மூரில் நான் அதிகம் பார்த்ததில்லை. எடையைப் பற்றி ஒரே கணக்கு போதும்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலின்மேல் ஏறும் பாரத்தில் நான்கு கிலோ குறைகிறது. அப்புறம், மூட்டு வலி மாத்திரைகளில் பல பி.பி.யைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ஒரு மாத்திரை ஏற்றுவதை இன்னொரு மாத்திரை இறக்கிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. வலி மாத்திரை தேவைப்படாமல் போனாலே சிலருக்கு பி.பி. கொஞ்சம் இறங்கிவிடும்.

பி.பி. என்று வந்ததால் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்கிறது, சுமார் ஒரு தேக்கரண்டி. அடுப்படியில் நின்று கிராம் கணக்குப் பார்க்க ஆத்தாவால் முடியாது, தேவையும் இல்லை. மாதம் 150 கிராம் என்றால் ஒரு கிலோ பாக்கெட் ஒரு ஆளுக்கு ஆறு மாதத்துக்கு மேல் வர வேண்டும், அதுவும் ஊறுகாய், வத்தலில் இருக்கும் உப்பைச் சேர்க்காமல். வாங்கிய தேதியைப் பாக்கெட்டில் பேனாவால் எழுதிவைக்கச் சொல்லுங்கள், எவ்வளவு ஓடுகிறது என்று தானே தெரிந்துவிடும்.

செட்டிநாட்டுச் சமையலில் உப்பு ஒளிந்திருப்பது குழம்பில் மட்டுமல்ல. மாவத்தல், மோர் மிளகாய், அப்பளம், ஊறுகாய், கருவாடு, ஆட்டுக்கறி உப்புக்கண்டம். மழையில்லாத மாசி பங்குனி வெயிலில் மாடியில் காயவைத்து ஜாடியில் நிரப்பி வைப்பதெல்லாம் உப்பால் கெடாமல் நிற்பவை. இவற்றை அறவே விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானே கேட்க மாட்டேன். ஒரு வேளைக்கு இவற்றில் ஏதாவது ஒன்றுதான், இரண்டு கிடையாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடும். இந்துப்பு நல்லது என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், பி.பி.க்கு வித்தியாசம் தெரியாது.

உண்மையில் வித்தியாசம் காட்டியது வேறு உப்பு. நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சீனாவின் கிராமங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று இங்கேயும் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, பி.பி. மாத்திரை லோசார்டான், டெல்மிசார்டான், எனலாப்ரில் வகையாக இருந்தாலோ, ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிட்டாலோ, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பைக் குழப்பும். ஆத்தாவின் மாத்திரை அட்டையைப் பார்க்காமல் இதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

சர்க்கரை 'பார்டர்' என்பதில் நல்ல செய்தி இருக்கிறது, அதுவும் நம் சென்னையில் கிடைத்த செய்தி. டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு பார்டரில் இருந்தவர்களை மூன்று ஆண்டு கவனித்து 2006-ல் வெளியிட்டது. உணவு, நடை மாற்றத்தால் மட்டும் சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையால் 26.4. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாலும் 28.2தான், கூடுதல் லாபம் இல்லை. 2002-ல் வந்த அமெரிக்க ஆய்வில் வாழ்க்கைமுறைக்கு 58, மாத்திரைக்கு 31. ஆகவே, நாளைக்கு அரை மணி நேரம் வேக நடை, வாரத்தில் ஐந்து நாள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் பின்னால் பத்துப் பத்து நிமிடம், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை அது நேராகவே மட்டுப்படுத்தும். வெளியே வெயில் என்று சாக்குச் சொல்ல முடியாது. வாசல் முகப்பிலிருந்து பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டு வரை நடந்தாலே பாதித் தெரு நடந்த மாதிரி இருக்கும் வீடுகள் நம்முடையவை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரம் பட்டால் வழுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கவுனி அரிசி (கறுப்பு அரிசி) சர்க்கரைக்கு நல்லது என்று ஆச்சிமார்கள் என்னிடம் அடிக்கடி வாதிடுவார்கள். அரிசியோடு போகும் சீனி, தேங்காய், நெய்யை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தூக்கம். 2016-லிருந்து அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, பழக்கத்தை மாற்றும் முறையான பயிற்சிதான் என்று சொல்கிறது. அதில் சக்தி வாய்ந்த பகுதி பலருக்கு விநோதமாக இருக்கும்: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. தனியாக இருக்கும் பெரியவர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குளிர்ந்த தரையில் இரண்டு மணி நேரம் கண் அயர்வார்கள். ராத்திரி சீரியல் முடிந்ததும் ஒன்பது மணிக்கே கட்டில். உண்மையான தூக்கம் ஐந்தரை மணி நேரம், படுக்கையில் கிடப்பதோ ஒன்பது மணி நேரம். மீதி நேரமெல்லாம் கவலைப்பட.

முதல் வாரம் எழுதிவைத்துப் பார்க்கட்டும், சராசரி எவ்வளவு தூங்குகிறார் என்று. ஐந்தரை என்றால் படுக்கையில் ஆறு மணி நேரம் மட்டும்: பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும், முந்தின ராத்திரி எப்படிப் போயிருந்தாலும். பகல் தூக்கம் கிடையாது. படுத்து இருபது நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பி வர வேண்டும். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்க ஆரம்பித்ததும் வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே எக்காரணத்துக்கும் குறைக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் பகலில் அசதியாக இருக்கும், திட்டுவார். வலிப்பு உள்ளவர்களுக்கும், மனநிலை அதிகமாக ஏறி இறங்கும் பைபோலார் நோய் உள்ளவர்களுக்கும் இந்த முறை ஆகாது. இப்போது சாப்பிடும் தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்தவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் ஆத்தா உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார். இருமினால், தும்மினால், குடத்தைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாக மூத்திரம் போவது இந்த வயதில் மிகச் சாதாரணம். கல்யாண வீட்டுக்குப் போவதையே நிறுத்திக்கொள்வார்கள், காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் எழுதிய இடுப்புத்தளப் பயிற்சிதான் இதற்கு இன்றும் முதல் சிகிச்சை. வாயு போகாமல் அடக்குகிற தசையை இறுக்கி, முடிந்த வரை பிடித்து, விட வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு இறுக்கம், நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். வயிற்றையோ தொடையையோ இறுக்கினால் பலன் இல்லை, மூச்சையும் பிடிக்கக் கூடாது. ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் சரிபார்த்துக் கொடுத்தால் பலன் கூடும். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வது அன்றைக்கே உதவும்.

மலச்சிக்கலுக்கு, வெஸ்டர்ன் கழிப்பறையில் காலுக்கு அடியில் ஒரு முக்காலி போட்டு முட்டியை உயர்த்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தைப்பூசத்துக்குப் பழனி நடந்துவிட்டு வந்து குதிகால் வலி என்று மாசியில் வருகிறவர்களுக்கு: காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் கால் விரல்களைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பத்து எண்ணும் வரை, பத்து முறை. முதல் அடி அப்புறம்தான்.

இனி ஆத்தாவுக்கு வரிசை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எதுவும் நிற்காது. முதல் வாரம் தலைசுற்றலுக்குக் காதைக் காட்டுங்கள். அது தீராமல் நாற்காலிப் பயிற்சியோ நடையோ வேண்டாம், விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எல்லாக் கணக்கும் தலைகீழாகிவிடும். சுற்றல் நின்றதும் நாற்காலி. கூடவே உப்புப் பாக்கெட்டில் தேதி. நடை மூன்றாவது வாரத்திலிருந்து. தூக்கத்துக்கான முறையைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அசதியோடு ஒருவர் தனி வீட்டில் நடமாடுவதால் அந்த இரண்டு வாரமும் நீங்களோ வேறு யாரோ கூட இருப்பது நல்லது. பி.பி.யை வாரம் இரண்டு நாள் ஒரே நேரத்தில் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாகக் குறைக்க வேண்டாம். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டையும் மாத்திரை டப்பாவையும் சேர்த்து அவருடைய மருத்துவர் முன்னால் வைத்து, "இதில் எதை எடுக்கலாம்?" என்று கேளுங்கள்.